ஞாயிற்றுக்கிழமை ஊசி!

ஹாஸ்டல் மெஸ்ஸில் உங்ககூட உட்கார்ந்து சாப்பிடுற தோழிகளை ஒரு தடவை எண்ணிப் பாருங்க. பத்துப் பேர் இருந்தா, அதில் அஞ்சாறு பேருக்கு ரத்தசோகை இருக்கலாம். சும்மா பயமுறுத்தலை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, இந்தியாவில் 15-லிருந்து 49 வயது வரைக்குமான பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை! ஆண்களில் நாலு பேருக்கு ஒருத்தர். இவ்வளவு சகஜமா இருக்கிறதாலேயோ என்னவோ, நாம அதை ஒரு வியாதியாவே மதிக்கிறதில்லை. ‘ரத்தம் கம்மியா இருக்காம், கீரை சாப்பிடு’ - அவ்வளவுதான் வைத்தியம். அதில் கணிசமான பகுதி இரும்புச்சத்துக் குறைவால் வர்றது. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்கா முழுங்கினாலே பலருக்கும் சரியாகிடும்.

நான் சொல்ல வந்தது வேற ரகம். கீரைக்கும் மாத்திரைக்கும் மசியாத ரத்தசோகை. கிட்னி பழுதானா வர்றது. எங்க அப்பாவுக்கு வந்தது.

நான் எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன், மூன்றாம் வருடம். காலேஜும் ஹாஸ்டலும் திருச்சியில், வீடு கரூரில். அப்பா, பஸ் பாடி கட்டுற பட்டறையில் வெல்டர். கரூர்ல கட்டின பஸ் எங்கெங்கேயோ ஓடுது. ‘இது நம்ம பட்டறை வண்டி’ன்னு திருச்சி பஸ் ஸ்டாண்டில் அவர் கையைக் காட்டினா, சின்ன வயசில் எனக்கு அந்த வண்டியில ஏறினாத்தான் ஆச்சு! 14 வருஷமா சுகர், கூடவே பிரஷர். ரெண்டும் சத்தமில்லாம கிட்னியை அரிச்சிருக்கு. இன்னும் டயாலிசிஸ் வரைக்கும் போகலை. ஆனா, ‘நாலாவது கட்டத்தில் இருக்கார்’னு டாக்டர் சொன்னார்.

கிட்னின்னா யூரின் பிரிக்கிற ஃபில்டர்னுதான் நானும் பிளஸ் டூ வரைக்கும் படிச்சிருந்தேன். அது ஒரு சென்சாரும்கூட! ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைஞ்சா அதைக் கண்டுபிடிச்சு, ‘எரித்ரோபாய்ட்டின்’னு ஒரு ஹார்மோனைச் சுரக்குது. அந்த ஹார்மோன் எலும்பு மஜ்ஜைக்குப் போய், ‘இன்னும் சிவப்பணு செய்’னு ஆர்டர் கொடுக்குது. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோட இருக்கும். அப்புறம் புதுசு வந்தாகணும். கிட்னி கெட்டா ஆர்டர் கொடுக்கிற ஆளே இல்லை. ஃபேக்டரி இருக்கு, கச்சாப்பொருள் இருக்கு, வொர்க் ஆர்டர் மட்டும் வரலை. அப்பாவுக்கு ஹீமோகுளோபின் 7.8. ஆம்பளைங்களுக்குக் குறைஞ்சது 13 இருக்கணும்.

7.8-ன்னா எப்படி இருக்கும்னு நம்பர்ல புரியாது. பைக்கை நிறுத்திட்டு வாசப்படி ஏறுறதுக்குள்ள திண்ணையில ஒரு தடவை உட்காருவார். பட்டறையில் வெல்டிங் ஹோல்டரைப் பிடிச்ச கை பத்து நிமிஷத்துல கீழே இறங்கிடும். முகத்துக்குப் பிடிக்கிற ஷீல்டு கனமா இருக்குங்கறார், 25 வருஷமா பிடிச்ச ஷீல்டு!

விஷயம் வெளியே தெரிஞ்சதும் சொந்தக்காரங்க வைத்தியம் ஆரம்பமாச்சு பாருங்க... பெரியம்மா ரெண்டு கிலோ பேரீச்சம்பழத்தோட வந்துட்டாங்க. அத்தை பீட்ரூட் ஜூஸ். சித்தப்பா விடிகாலையில கறிக்கடை வாசல்ல நின்னு சுவரொட்டி வாங்கிட்டு வந்தார். பக்கத்து வீட்டு ஆத்தா தினமும் முருங்கைக்கீரை. எல்லாம் பாசம்தான், மறுக்கலை. ஆனா, கிட்னி சரியா வேலை செய்யாதவங்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாது. பேரீச்சம்பழம், கீரை, வாழைப்பழம், இளநீர்... எல்லாத்துலயும் பொட்டாசியம் ஜாஸ்தி. அது ரத்தத்தில் எகிறினா இதயத் துடிப்பே தாறுமாறாகிடும். டயட்டீஷியன் எழுதிக்கொடுத்த லிஸ்ட்டை அம்மா ஃப்ரிட்ஜ் கதவுலயே ஒட்டிட்டாங்க. வர்றவங்க படிச்சுட்டுப் பையைத் திருப்பி எடுத்துட்டுப் போவாங்க!

“ஒரு ரெண்டு பாட்டல் ரத்தம் ஏத்தியுட்டா செரியாப் போயிருமுல்லீங்க?” - இது சித்தப்பா டாக்டர்கிட்டயே கேட்டது. அப்பவே ஏத்தியிருந்தா அப்பா ரெண்டு நாள்ல எழுந்து நடந்திருப்பார்தான். ஆனா, அம்மா தன் கிட்னியைக் கொடுக்கிறதா முடிவு பண்ணியிருந்தாங்க. வெளி ரத்தம் ஏத்தும்போது, அந்த ரத்தத்துல இருக்கிற வெள்ளணுக்களைப் பார்த்து நம்ம உடம்பு எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கிக்கலாம். நாளைக்கு மாத்துறதுக்குக் கிட்னி தயாரா இருக்கும்போது, அந்த எதிர்ப்புப் புரதம் குறுக்கே நிக்கும். பொருந்த வேண்டிய கிட்னி பொருந்தாமப் போகலாம். அதனால உயிருக்கு அவசரம்னா ஒழிய ரத்தம் ஏத்துறதைத் தள்ளிப்போடணும்னு டாக்டர் சொன்னார். “அப்பறம் என்ன வழிங்க?”ன்னு அம்மா கேட்டப்பதான் அந்த ஊசியோட பேரைச் சொன்னார். கிட்னி செய்யாம விட்ட ஹார்மோனை நாமளே வெளியிலேர்ந்து கொடுக்கிறது.

அந்த ஊசி வந்த கதை ஒரு சினிமா. இரும்பு இல்லாம, ஏதோ ஒரு ‘தூது’ப் பொருள்தான் சிவப்பணுவைச் செய்யச் சொல்லுதுன்னு 1906-லேயே பாரீஸ்ல முயல்களை வெச்சு ஆராய்ச்சி பண்ணின கார்னோ, டெஃப்லாண்டர்னு ரெண்டு பேர் சொன்னாங்க. அதைத் தனியாப் பிரிச்செடுக்க 1977 ஆச்சு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் கோல்ட்வாசர் 20 வருஷத்துக்கு மேல அதுக்காக மல்லுக்கட்டினார். கடைசியில கைகொடுத்தது ஜப்பான் டாக்டர் டகாஜி மியாகே. கடுமையான ரத்தசோகை நோயாளிகளோட சிறுநீரை 2,550 லிட்டர் சேகரிச்சு, வற்றவைச்சுக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆமாங்க, லாரி டேங்கர்ல பாதி நிரம்புற அளவு! அதிலேர்ந்து கிடைச்சது வெறும் சில மில்லிகிராம். இந்தக் கணக்கில் ஊருக்கெல்லாம் எங்கே மருந்து கொடுக்கிறது? 1983-ல் ஆம்ஜென் கம்பெனியில் ஃபு-குவென் லின் அந்த ஹார்மோனோட ஜீனைக் கண்டுபிடிச்சுப் படியெடுத்தார். அதைச் சீன ஹாம்ஸ்டரோட கருப்பை செல்களுக்குள்ள வெச்சா, அது தொட்டியில வளர்ந்துக்கிட்டே ஹார்மோனைத் தயாரிச்சுக் கொடுக்குது. 1989 ஜூனில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இப்போ நம்ம நாட்டுக் கம்பெனிகளே தயாரிக்கிறாங்க.

நேரா ஊசிக்குப் போயிடலை. முதல்ல ஃபெர்ரிட்டின், டி-சாட்னு ரெண்டு டெஸ்ட். உடம்புல இரும்பு எவ்வளவு இருப்பில் இருக்கு, அதில் எவ்வளவு கைக்கு எட்டுற மாதிரி இருக்குன்னு பார்க்கிறது. வொர்க் ஆர்டர் போட்டாச்சு, குடோன்ல தகடே இல்லைன்னா பஸ் எப்படிக் கட்டுறது? அப்பாவுக்குக் குறைவாத்தான் இருந்தது. அதனால அயர்ன் சுக்ரோஸ் மருந்தை டிரிப்ஸ்ல ஏத்தினாங்க. இந்த டெஸ்ட்டே எடுக்காம ஊசியை மட்டும் மாசக்கணக்கில் போட்டு, ‘மருந்து வேலை செய்யலை’ன்னு டோஸை ஏத்திக்கிட்டே போறவங்க இருக்காங்க. காசும் போச்சு, ஆபத்தும் ஏறிச்சு. உங்க வீட்டுல யாராவது இந்த ஊசி போட்டுக்கிட்டு இருந்தா, கடைசியா இரும்பு டெஸ்ட் எப்போ எடுத்தாங்கன்னு ஃபைலைத் திறந்து பாருங்க, ப்ளீஸ்.

அடுத்து பி.பி. இந்த ஊசி ரத்த அழுத்தத்தை ஏத்தும். ஏற்கெனவே கட்டுக்குள்ள இல்லாத பிரஷர் இருந்தா ஊசி போடவே கூடாது. முதல்ல பிரஷர் மாத்திரையை மாத்திச் சரிபண்ணிட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. வாரம் 8,000 யூனிட். புதன்கிழமை 4,000 - தெருமுனை கிளினிக் நர்ஸ் அக்கா போடுவாங்க. ஞாயிற்றுக்கிழமை 4,000 - நான்!

ஊசியைக் கண்டாலே ஓடுற ஆள் நான். ஆனா ஞாயித்துக்கிழமை கிளினிக் லீவு, அம்மாவுக்குக் கை நடுங்குது. நர்ஸ் அக்கா மூணு வாரம் பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுத்தாங்க. தொப்புளைச் சுத்தி ரெண்டு விரக்கடை விட்டு வயிறு, இல்லைன்னா தொடை. போன வாரம் குத்தின இடத்துல இந்த வாரம் குத்தக் கூடாது. தோலைச் சேர்த்துப் பிடிச்சு, ஊசியை உள்ளே விட்டு, மெதுவா அழுத்தணும். ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த உடனே போட்டா எரியும். கொஞ்ச நேரம் வெளியே வெச்சு, குளிர் விட்டப்புறம் போட்டா தேவலை. அதுக்காக வெந்நீர்ல போடுறது, வெயில்ல வைக்கிறதெல்லாம் கூடவே கூடாது. போட்ட சிரிஞ்சுக்கு மூடியைத் திருப்பி மாட்டாம, கெட்டியான ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நிறைஞ்சதும் ஆஸ்பத்திரியில் கொடுத்துடுவோம். குப்பை அள்ள வர்ற அக்காவோட கையில குத்தக் கூடாதுல்ல.

எங்க வீட்டுல இப்போ சனிக்கிழமை ராத்திரியே ஒரு நோட்டு திறக்கும். தேதி, பி.பி., எந்தப் பக்கம் ஊசி, எத்தனை யூனிட், மருந்துப் பேரும் பேட்ச் நம்பரும், கடைசி ஹீமோகுளோபின். லேப் அப்சர்வேஷன் நோட் மாதிரி கோடு போட்டு வெச்சிருக்கேன் (இந்த நோட்டு அளவுக்கு என் லேப் நோட்டு சுத்தமா இருக்காதுன்னு என் ரூம்மேட் சொல்வா, அது வேற விஷயம்). டாக்டர் அப்பாவுக்குன்னு ஒரு பி.பி. எல்லை எழுதிக்கொடுத்திருக்கார். அதைத் தாண்டியிருந்தா அன்னிக்கு ஊசி கிடையாது, போன்தான். திடீர்னு தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போறது, பேச்சுக் குழறுவது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு காலு மட்டும் வீங்குறது... இதில் எது வந்தாலும் ‘காலையில பார்க்கலாம்’ கிடையாது, உடனே எமர்ஜென்ஸி. இந்த வரியை மட்டும் சிவப்பு இங்க்கில் எழுதி முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கேன்.

அடுத்த தலைவலி, குளிர்ச்சி. இந்த மருந்து 2-லிருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். உறையவும் கூடாது, சூடாகவும் கூடாது, குலுக்கவும் கூடாது, வெளிச்சமும் படக் கூடாது. கரூர் வெயில் உங்களுக்குத் தெரியும்தானே? சித்திரையில தமிழ்நாட்டு வெப்ப லிஸ்ட்டில் எங்க ஊர்ப் பேர் இல்லாட்டிதான் ஆச்சர்யம்! நான் திருச்சியில் வாங்கி, தெர்மாகோல் டப்பாவில் ஐஸ் பேக் வெச்சு, ஐஸ் நேரா மருந்துல படாம நடுவுல நியூஸ் பேப்பர் சுத்தி, குளித்தலை, மாயனூர் வழியா பஸ்ஸில் மடியிலேயே வெச்சு எடுத்துட்டு வருவேன். “ஐஸ்கிரீமா பாப்பா?”ன்னு கேட்காத கண்டக்டர் கிடையாது. ஒரு தடவை பக்கத்து சீட் அம்மா, “மீனா?”ன்னு கேட்டு மூக்கைப் பொத்திக்கிட்டாங்க!

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீஸர்ல வைக்கிறாங்க பலர். ‘இன்னும் ஜில்லுன்னு இருந்தா இன்னும் நல்லது’ங்கிற எண்ணம். உறைஞ்சு திரும்ப உருகின மருந்து பார்க்கத் தண்ணி மாதிரியே தெளிவா இருக்கலாம். ஆனா, அது ஒரு புரதம். அதோட மடிப்பு கலைஞ்சிருக்கும். தூக்கிப் போட வேண்டியதுதான். குலுக்கக் கூடாதுன்னு சொல்றதும் இதே காரணத்துக்குத்தான். ஃப்ரிட்ஜ் கதவும் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறும். நடுத் தட்டுதான் அதோட இடம். எங்க வீட்டுல மோர் சொம்புக்குப் பக்கத்தில்.

எட்டாவது வாரம் ஹீமோகுளோபின் 9.6. அப்பா திண்ணையில உட்காராம நேரா உள்ளே வந்த அன்னிக்கு அம்மா ஒண்ணும் சொல்லலை, சமையல்கட்டுக்குள்ள போயிட்டாங்க. அரை நாள் பட்டறைக்குப் போக ஆரம்பிச்சார். பத்தாவது வாரம் எடுத்த டெஸ்ட்டில் 11.0. நாங்க ஸ்வீட் வாங்கலாமான்னு இருந்தப்ப (சுகர் பேஷன்ட்டுக்கு ஸ்வீட்!), டாக்டர் முகத்தில் சிரிப்பே இல்லை. ரெண்டு வாரத்தில் 1.4 ஏறியிருக்கு, இது வேகம்னு சொல்லி, ஞாயித்துக்கிழமை டோஸை 4,000-லிருந்து 2,000 ஆக்கிட்டார். அதாவது வாரக் கணக்கில் கால் பங்கு கட்.

அப்பாவுக்குக் கோபம்னா கோபம். அடுத்த வாரம் பெரியப்பா பொண்ணு கல்யாணம். பந்தியில நின்னு பரிமாறணும்னு அவருக்கு ஆசை. “ஏங்கண்ணு, ஏறிட்டு வர்றப்ப எதுக்குக் குறைக்கறாங்க? ரிப்போட்டுலயே 13-ன்னு அச்சடிச்சிருக்குதுல்ல? இன்னொரு ஊசி சேத்திப் போட்டா என்ன ஆகிப்போகுது?”

ரொம்ப நியாயமான கேள்விங்க அது! உலகத்துல பெரிய பெரிய கிட்னி டாக்டர்களும் ஒரு காலத்துல இதையேதான் கேட்டாங்க. நார்மல் ஆளுக்கு 13 இருந்தா, கிட்னி பேஷன்ட்டையும் 13-க்குக் கொண்டுபோனா நல்லதுதானேன்னு நினைச்சு, சோதனை பண்ணிப் பார்த்தாங்க. 2006-ல் வெளியான ஓர் ஆய்வு. 1,432 கிட்னி நோயாளிகள். ஒரு குரூப்புக்கு 13.5, இன்னொரு குரூப்புக்கு 11.3 இலக்கு. 13.5 குரூப்புலதான் மரணம், மாரடைப்பு, ஸ்ட்ரோக், இதயச் செயலிழப்பால் அட்மிஷன் எல்லாம் சேர்த்து அதிகம். 2009-ல் இன்னொண்ணு, எங்க அப்பாவுக்காகவே பண்ணின மாதிரி. சுகர், கிட்னி பழுது, ரத்தசோகை மூணும் இருக்கிற 4,038 பேர், டயாலிசிஸ் ஆரம்பிக்காதவங்க. பாதிப் பேருக்கு இதே வகை மருந்து கொடுத்து 13-க்கு இழுத்தாங்க. மீதிப் பேருக்கு டம்மி ஊசி, 9-க்குக் கீழே போனா மட்டும் மருந்து. ஸ்ட்ரோக் வந்தவங்க இந்தப் பக்கம் 53 பேர், 13 பக்கம் 101 பேர்.

53-ம் 101-ம். அந்த ரெண்டு நம்பரையும் நோட்டுல எழுதி அப்பாகிட்டக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தார். அவரோட பட்டறை சிநேகிதர் ஒருத்தருக்கு வாய் கோணி, கை விழுந்துபோய் மூணு வருஷமா கட்டில்ல இருக்கார். ஸ்ட்ரோக்னா என்னன்னு அப்பாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2007-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்துகளோட லேபிள்ல கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சடிக்கச் சொல்லிடுச்சு. 2011-ல் டோஸை இன்னும் குறைக்கச் சொன்னது. 2012-ல் வந்த சர்வதேச சிறுநீரக வழிகாட்டு நெறியும், பொதுவா 11.5-க்கு மேல நிலைநிறுத்தாதீங்க, 13-ஐத் தாண்ட வைக்கவே கூடாதுன்னு சொன்னது. ஆக, ரிப்போர்ட்ல அச்சடிச்ச 13 கிட்னி நல்லா இருக்கிறவங்களுக்கு. ஊசியால ஏறுற ஆளுக்கு டாக்டர் சொல்ற எண்தான் எண். புற்றுநோய்க்காரங்களுக்கும், கீமோதெரபியால் வர்ற ரத்தசோகைக்கு இதைக் கொடுக்கிறது உண்டு. ஆனா அங்கே கட்டிக்கே இது தீனியாகலாம்ங்கிற பயம் இருக்கிறதால விதிகள் இன்னும் கடுமை.

டோஸைக் குறைச்சா உடனே இறங்கிடுமோன்னு அப்பா பயந்தார். இங்கேதான் என் பாடப்புத்தகம் முதல் தடவையா வீட்டுக்கு உபயோகப்பட்டுச்சு! கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் ‘டெட் டைம்’னு ஒண்ணு வரும். நீங்க வால்வைத் திருப்பின உடனே மீட்டர்ல மாற்றம் தெரியாது, நேரம் பிடிக்கும். அந்த நேரத்துல பொறுமை இழந்து இன்னும் திருப்பினீங்கன்னா, அப்புறம் எல்லாம் சேர்ந்து வந்து மீட்டர் எகிறும். பயந்து மூடினா, ஒரேயடியா கீழே விழும். அப்பாவுக்கு நான் சொன்னது வேற மாதிரி. மேட்டூர்ல ஷட்டரைத் தூக்கினா மாயனூருக்குத் தண்ணி வர நேரமாகும், கடைமடைக்குப் போக இன்னும் பல நாளாகும். கடைமடையில தண்ணி வரலைன்னு மேட்டூர்ல இன்னும் ரெண்டு ஷட்டரைத் தூக்கினா என்ன ஆகும்? “நம்மூரு வெள்ளக்காடாயிரும்”னார். அதேதான்! இன்னிக்குப் போட்ட ஊசிக்கு மஜ்ஜையிலேர்ந்து சிவப்பணு முதிர்ந்து வந்து எண்ணிக்கையில தெரிய ரெண்டிலிருந்து ஆறு வாரம் வரைக்கும் ஆகலாம். அதனாலதான் ஏறலையேன்னு டோஸைக் கூட்டுறதை நாலு வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல செய்ய மாட்டாங்க. கல்யாணத்துக்கு மொத நாள் ஒரு ஊசி சேர்த்துப் போட்டிருந்தா பந்தியில் தெம்பு வந்திருக்காது. ஒரு மாசம் கழிச்சு பிரஷர்தான் வந்திருக்கும். அப்பா கல்யாணத்துல பரிமாறலை. வாசல்ல சேர் போட்டு உட்கார்ந்து சந்தனம் கொடுத்தார்.

தெம்புக்காக இந்த ஊசியைத் திருட்டுத்தனமா போட்டுக்கிட்டவங்களும் உண்டு, அதுவும் உலகமே கைதட்டின ஆளுங்க. சைக்கிள் ரேஸ் வீரர்கள்! சிவப்பணு கூடினா ஆக்ஸிஜன் கூடும், மலையேற்றத்துல மூச்சு வாங்காது. 1998 டூர் டி ஃபிரான்ஸ் சமயத்தில், ஃபெஸ்டினா டீமோட கார் ஒண்ணை எல்லையில மடக்கினப்ப உள்ளே இந்த ஊசி மருந்துதான். ஏழு தடவை ஜெயிச்ச லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கோட பட்டங்களை 2012-ல் பறிச்சாங்க. 2013 ஜனவரியில டி.வி. பேட்டியில இந்த மருந்தைப் போட்டதா ஒப்புக்கிட்டார். நல்லா இருக்கிற உடம்புல சிவப்பணுவை மேல மேல ஏத்தினா ரத்தம் கெட்டியாகும், அடைப்பு வரும். ஜிம்முல யாராவது ‘ஸ்டாமினா ஊசி’ன்னு இதைக் காட்டினா, நீங்க ஓட வேண்டியது டிரெட்மில்லுல இல்லை, வெளியே!

டோஸைக் குறைச்ச அடுத்த சனிக்கிழமை இன்னொரு கூத்து. வழக்கமா வாங்குற இடத்துல 2,000 யூனிட் இல்லை. வேறொரு மருந்துக் கடைக்குப் போனேன். “2,000 இல்லைம்மா, 10,000 இருக்கு. அதையே எடுத்துட்டுப் போய் அஞ்சுல ஒரு பங்கு போடு. மீதியை ஃப்ரிட்ஜ்ல வெச்சு நாலு வாரம் ஓட்டிக்கலாம். காசும் மிச்சம்”னார் கடைக்காரர். நல்ல மனசோடதான் சொன்னார். ஆனா அந்த சிரிஞ்ச் ஒரு தடவைக்கு மட்டுமானது. அதில் கெடாம இருக்கிறதுக்கான மருந்து கிடையாது. ஒரு தடவை தோலுக்குள்ள போன ஊசியைத் திரும்ப வெச்சிருந்து போட்டா கிருமி உள்ளே போகும். “அப்படின்னா இன்சுலின் சிரிஞ்ச்ல 20 யூனிட் கோடு வரைக்கும் எடுத்துக்கோ”ன்னார்.

இதை எல்லாரும் கொஞ்சம் நின்னு கவனிங்க, வீட்டுல சுகர் பேஷன்ட் இருக்கிறவங்க ரெண்டு தடவை. இன்சுலின் சிரிஞ்சுல இருக்கிற ‘யூனிட்’ இன்சுலினுக்கானது மட்டும். நம்ம ஊர்ல 40 கோடு ஒரு மில்லின்னு ஒரு சிரிஞ்ச் இருக்கு, 100 கோடு ஒரு மில்லின்னு இன்னொண்ணு இருக்கு. ஒரு மில்லியில 10,000 யூனிட் இருக்கிற மருந்தை 20 கோடு எடுத்தா, ரெண்டாவதுல 2,000 வரும். முதலாவதுல 5,000 வரும்! ரெண்டு மடங்குக்கு மேல. போதாக்குறைக்கு, இதே குடும்பத்துல டார்ப்போபாய்ட்டின்னு நீண்ட நேரம் நிக்கிற இன்னொரு ஊசி இருக்கு. அது யூனிட் கணக்கே இல்லை, மைக்ரோகிராம். போடுற இடைவெளியும் வேற. டாக்டர் சீட்டில் இருக்கிற பேர், எண், அளவு மூணும் டப்பாவில் அப்படியே இருக்கணும். ‘ரெண்டும் ஒண்ணுதான்’னு கடையில சொன்னா, டாக்டருக்கு போன் பண்ணிக் கேட்காம வாங்காதீங்க. நான் அன்னிக்கு நாலு கடை ஏறி இறங்கி 2,000-ஐ வாங்கிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிச்சேன்.

பேட்ச் நம்பர் வரைக்கும் எதுக்கு எழுதுறேன்னு கேட்கலாம். 1998-க்கு அப்புறம் சில வருஷங்கள், ஐரோப்பாவிலும் வேற சில நாடுகளிலும், இந்த ஊசி போட்டுக்கிட்ட சிலருக்கு அபூர்வமான ஒரு பிரச்னை வந்தது. உடம்பு அந்த ஊசிக்கு எதிரா மட்டுமில்லாம, தானே சுரக்கிற ஹார்மோனுக்கும் எதிரா கிளம்பிடுச்சு. சிவப்பணு உற்பத்தியே நின்னுபோச்சு. மருந்தோட சேர்மானத்தை மாத்தினது, தோலுக்கடியில போட்டது, குளிர்ச்சி விட்டுப்போனது எல்லாத்து மேலயும் சந்தேகம் விழுந்தது. இன்னிக்கு அது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனாலும், நல்லா ஏறிட்டிருந்த ஹீமோகுளோபின், ஊசி போடப் போடவே திடீர்னு சரிஞ்சா டாக்டர் முதல்ல கேட்கப்போறது ‘எந்த மருந்து, எந்த பேட்ச்?’. அப்போ குப்பைத்தொட்டியில டப்பாவைத் தேட முடியாதில்லையா.

ஊசிக்குப் பதிலா மாத்திரையும் வந்தாச்சு. ஆக்ஸிஜன் குறைவை செல்கள் எப்படிக் கண்டுபிடிக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணின கேலின், ராட்கிளிஃப், செமன்சா மூணு பேருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் கிடைச்சுதே, அந்த வழியில பிறந்தது. உடம்பையே ‘ஆக்ஸிஜன் குறைஞ்சிருக்கு’ன்னு நம்பவெச்சு ஹார்மோனைச் சுரக்க வைக்கும். 2022-ல் டெசிடுஸ்டாட்ங்கிற மாத்திரைக்கு இந்தியாவில் அனுமதி கிடைச்சது. அப்பா ஆசையாக் கேட்டார். அதுக்கும் அதோட சொந்த எச்சரிக்கைகள் இருக்கு, உங்களுக்கு இப்போதைக்கு ஊசியே போதும்னு டாக்டர் சொல்லிட்டார். எனக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலை தப்பலை!

போன மாசம் 10.8. அதுக்கு முந்தின மாசம் 10.6. கிராஃபில் போட்டா கிட்டத்தட்ட நேர்கோடு. எங்க லேப்ல இப்படி ஒரு ரீடிங் எடுக்க நாங்க தவம் கிடப்போம். இதுவரைக்கும் ஒரு பாட்டில் ரத்தம்கூட ஏத்தலை. அம்மாவும் அப்பாவும் ஒரே குரூப். அம்மாவுக்குச் சுகர், பிரஷர், கிட்னி டெஸ்ட் எல்லாம் ஓ.கே. இனி க்ராஸ்மேட்ச் பாக்கி. மாத்தின கிட்னி நல்லா வேலை செஞ்சா, யூரின் மட்டுமில்லை, இந்த ஹார்மோனையும் அதுவே சுரக்கும். அப்புறம் ஊசி தேவைப்படாமலே போகலாம்னு டாக்டர் சொன்னதை அப்பாகிட்ட சொன்னேன்.

“அப்ப உங்கம்மாதான் இனி எனக்கு ரத்தமும் ஊற வைப்பாளா?”ன்னு கேட்டுட்டு அவர் சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார்.

“பேசாம வவுத்தைக் காட்டுங்க, புள்ள ஊசியோட நிக்கறா”ன்னு உள்ளேயிருந்து குரல் வந்தது. பி.பி. 136/84. இந்த வாரம் இடது பக்கம்.